கையால் சொன்ன முதல் பாகம்

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச்சுவரில் அந்தப் போஸ்டரை ஒட்டிய நாளிலிருந்து, எங்கள் கம்பெனி பஸ் அங்கே வேகம் குறையும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் இருக்கும் என் சிநேகிதி என் தோளைத் தட்டுவாள். போஸ்டரில் ஒரு வேப்பமரக் கிளையில் குழந்தைத் தூளி தொங்கும். அதற்குள்ளிருந்து ஒரு பெரிய மனுஷியின் கை வெளியே நீண்டிருக்கும். கீழே சிவப்பில் இரண்டு என்ற எண். அவள் அந்தக் கையைப் போலவே தன் கையை வளைத்து என் முகத்துக்கு நேரே நீட்டிப் புருவத்தை உயர்த்துவாள். போகலாமா என்று அர்த்தம்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்குப் பேய்ப் படம் ஆகாது.

அவளும் நானும் ஒரே லைனில் அடுத்தடுத்து உட்கார்ந்து வேலை பார்த்தோம். போனுக்குள் வைக்கிற சின்னச் சின்ன போர்டுகளை அவள் பொருத்துவாள். பொருத்தியதில் குறை இருக்கிறதா என்று விளக்குக்குக் கீழே வைத்து நான் பார்ப்பேன். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேச வராது. காஞ்சிபுரத்தில் அதற்கென்று இருக்கும் பள்ளியில் படித்தவள். எங்கள் ஷிப்டில் அவளைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் அந்தப் பெரிய ஹாலிலேயே அதிகம் பேச்சு நடக்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

நான் தென்காசிப் பக்கம். வந்த புதிதில் யாரோடும் பேசாமல் இருந்தேன். என்னோடு ரூமில் இருந்தவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் போதும், "ஏட்டி, என்ன செய்யுத?" என்று என்னைப் போலவே இழுத்துப் பேசிச் சிரிப்பார்கள். கேலி என்று சொல்ல முடியாது, விளையாட்டுதான். என்றாலும் எதையும் சொல்வதற்கு முன்னால் மனசுக்குள் ஒருமுறை திருத்திக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. அப்படிப் பேசிப் பார்த்தால் பேச்சே அலுத்துப்போகும்.

அவளிடம் அந்தத் தொல்லை இல்லை. கையால் பேசுகிறவளுக்கு நான் எந்த ஊரானால் என்ன? லைனில் வாய்ப் பேச்சுக்குத் தடை. வேலைக்கு நடுவே அவள் இரண்டு சைகை காட்டுவாள், நான் ஒன்று கற்றுக்கொள்வேன். முகமூடியும் தொப்பியும் போட்டிருப்பதால் கண்ணும் கையும்தான் வெளியே தெரியும். அது போதுமானதாக இருந்தது. எங்கள் பேச்சில் எல்லோருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. சூப்பர்வைசர் என்றால் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுகிற மாதிரி. நான் என்றால் இடது புருவத்தைத் தொட வேண்டும். அங்கே எனக்கு ஒரு தழும்பு இருக்கிறது. கொஞ்ச நாளில், அந்த லைனிலேயே அதிகம் பேசுகிற இரண்டு பேர் நாங்கள்தான் என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் போஸ்டரைத் தாண்டியதும் அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "முதல் பாகம் நான் பார்க்கவில்லை. நீ பார்த்தாயா?"

பார்த்தேன் என்று சொன்னேன். முழுப் பொய் இல்லை. ரூமில் ஒருத்தியின் போனில், ஐந்து பேர் ஒரே போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்த்தோம். இடைவேளை வரை தாக்குப்பிடித்தேன். அப்புறம் மழை வருகிற மாதிரி இருக்கிறது, துணி எடுத்து வருகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போனவள், படம் முடிந்து அவர்கள் வந்து கூப்பிடும் வரை கீழே இறங்கவில்லை.

"அப்போ கதை சொல்லு" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் தொடங்கினேன். கதை இதுதான். ஒரு புருஷன், பெண்டாட்டி. அவள் நிறைமாதக் கர்ப்பிணி. மலையடிவாரத்தில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். அந்த வீட்டில் முன்னொரு காலத்தில் ஒரு மருத்துவச்சி இருந்தாள். ஊரில் ஒரு பிரசவத்தில் குழந்தை இறந்துபோக, அவள்தான் கொன்றாள் என்று ஊரே சேர்ந்து அவளை அடித்துக் கொன்றுவிட்டது. இப்போது வீட்டில் தூளி தானாக ஆடுகிறது. மருத்துவச்சிப் பேய்க்கு என் சிநேகிதியே சைகைப் பெயர் வைத்தாள். இடது கையில் தூளி ஆட்டுகிற மாதிரி, வலது கை கொக்கி போல வளைந்து. அதற்குப் பிறகு அந்தப் பேய் எங்களுக்குத் தெரிந்த ஆள் மாதிரி ஆகிவிட்டது.

சிக்கல் கொலுசில் வந்தது. பேய் வருவதற்கு முன்னால் கொலுசுச் சத்தம் கேட்கும். படத்தில் பாதிப் பயம் அதுதான். அதை எப்படிச் சொல்வது? நான் காலைக் காட்டினேன், கொலுசைக் காட்டினேன், காதைத் தொட்டு நடுங்கிக் காட்டினேன்.

அவள் யோசித்தாள். "கொலுசு தெரிகிறது. பேய் தெரியவில்லை. கொலுசைப் பார்த்து எதற்குப் பயம்?"

"பார்க்கவில்லை. கேட்கிறது."

"கேட்டால் என்ன?"

 மேசையில் இருந்த மற்றவர்களும் என்னையே பார்த்தார்கள்.  அப்புறம் கதையைத் தொடர்வது போலத் தொடர்ந்து, இடது கையால் தூளியை ஆட்டிக்கொண்டே, வலது கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய், அவள் தட்டு இருக்கும் இடத்துக்கு நேர்கீழே விரலால் மெல்லத் தட்டினேன். ஸ்டீல் மேசை. அதிர்வு தட்டில் ஏறி அவள் விரலுக்குப் போயிருக்கிறது. அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் தெரியாதவள் போல இருந்தேன். மறுபடி தட்டினேன். அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். சாம்பார் என் மடியில்.

நான் கையை வெளியே எடுத்துக் காட்டியதும் என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, "புரிந்தது" என்றாள். "எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அதுதான் பயம்."

அந்த வாரம் முழுக்கக் கதை நடந்தது. அடுத்த மேசைப் பெண்கள் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்கள். காது கேட்கிறவர்களும் வந்தார்கள். நான் தப்பாகக் காட்டுகிற சைகையை அவள் நடுவில் திருத்துவாள், பிறகு நான் தொடர வேண்டும். ஆனால் நாள் போகப்போக நான் கதையை இழுத்து இழுத்துச் சொன்னேன். இடைவேளை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் எனக்குக் கதை தெரியாது.

ரூமில் கேட்டிருக்கலாம். கேட்டால் மொட்டை மாடிக் கதையைச் சொல்லி மறுபடி சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை. நானே ஒரு முடிவைக் கட்டினேன். நடு இரவில் அந்தப் பெண்ணுக்கு வலி வருகிறது. புருஷன் ஊரில் இல்லை. ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, ஆம்புலன்ஸ் வர வழியில்லை. அப்போது பேய் வருகிறது. வந்து தன் கையாலேயே பிரசவம் பார்க்கிறது. குழந்தை அழுகிறது. பேய் குழந்தையைக் கழுவித் துடைத்துத் தூளியில் போட்டுவிட்டு, விடிகிற நேரத்தில் வாசல் வழியாக இறங்கிப் போய்விடுகிறது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம். நல்ல முடிவு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் புருவத்தைச் சுருக்கினாள். "அது போய்விட்டது என்றால் இரண்டாம் பாகம் எதற்கு?"

"அது வேறு பேய்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன்.

இப்படி அவளுக்கு ஆசையை மூட்டிவிட்ட பிறகு படத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் மத்தியானக் காட்சி என்று முடிவு செய்தோம். வீட்டில் மட்டும் நீ வந்து கேள் என்றாள்.

அவள் வீடு ஹைவேயிலிருந்து உள்ளே போனால் ஏரிக்கரைக்குப் பக்கத்தில். அப்பா இருங்காட்டுக்கோட்டையில் ஒரு குடோனில் வாட்ச்மேன். அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"சினிமாவா? இது போயி இன்னாத்த பாக்கும் கண்ணு? ஒண்ணும் கேக்காதே அதுக்கு."

"கண்ணால பாப்பாம்மா. மிச்சத்த நான் கைல சொல்லுதேன்."

"அதுவும் பேய்ப் படம்னு சொல்ற. எதுனா ஒண்ணு ஆயிட்ச்சினா?"

"மத்தியான ஷோதாம்மா. வெளிச்சம் இருக்கும்போதே கொண்டாந்து விட்டுருதேன்."

அம்மா மகளைப் பார்த்து உள்ளங்கையை ஆட்டினார். வேண்டாம் என்று. அவள் சும்மா இருக்கவில்லை. இரண்டு கையும் பறக்கப் பேசத் தொடங்கினாள். வாரம் பூரா வேலைக்குப் போகிறேன், பஸ்ஸில் தனியாகத்தானே வருகிறேன், எல்லோரும் போகிறார்கள், நான் மட்டும் என்ன, என்று ஒரு மூச்சில் சொன்னாள்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "இன்னா சொல்லுது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நாள் அவளோடு பேசியிருக்கிறேன், வீட்டில் அவள் எப்படிப் பேசுவாள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அம்மாவுக்குத் தெரிந்த சைகை கொஞ்சம்தான். சாப்பிடு, தூங்கு, வா, வேண்டாம், மாட்டுக்குத் தண்ணி. மகள் பள்ளியிலிருந்து கற்றுவந்த மொழி அந்த வீட்டுக்குள் வரவே இல்லை.

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு மாட்டுக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"சின்னதா இருக்கசொல்ல காஞ்சீபுரம் தேருக்குக் கூட்டிகினு போனேன் கண்ணு. கூட்டத்துல கைய வுட்டுட்ச்சு. முன்னால தெரியுது, எனக்குக் கண்ணுக்கு நேரா போய்கினு கீது. கத்தறேன் கத்தறேன், திரும்பவே இல்ல. கூப்ட்டா திரும்பாதே அது. அன்னிலேர்ந்து எங்கயும் அனுப்ப மனசு வர்ல. கம்பெனி பஸ்ஸு வாசலாண்ட வர்றதால அதுக்கு மட்டும் வுடறேன்."

 அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டாள். தேர் கதையைச் சொன்னேன். அவளுக்கு அது நினைவில் இல்லை. அம்மா பக்கத்தில் போய் நின்று அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள்.

"சரி, நானும் வரேன்" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை அவர் கல்யாணத்துக்குப் போவது போல மயில்கழுத்து நிறச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்தார். பையில் முறுக்கு. தியேட்டர் வாசலில் பையைச் சோதித்த ஆள், வெளித் தின்பண்டம் கூடாது என்றார்.

"நான் சுட்டது எப்டிப்பா வெளித் தின்பண்டம் ஆவும்?"

"ரூல்ஸும்மா."

"அப்ப நீயே துண்ணு" என்று பொட்டலத்தை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே நடந்தார். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அந்த ஆள் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சுவரோரமாக இடம் கிடைத்தது. அவள் நடுவில், ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் நான். விளக்கு அணைந்ததும் அம்மா "முருகா" என்றார். படம் அதற்கப்புறம்தான் தொடங்கியது.

எடுத்த எடுப்பிலேயே எனக்கு வந்தது வினை. முதல் பாகத்தில் என்ன நடந்தது என்று சுருக்கமாகக் காட்டினார்கள். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மலையடிவார வீடு வந்தது, தூளி வந்தது, எல்லாம் நான் சொன்னபடியே வந்தது. அவள் பெருமையோடு என் தொடையில் தட்டினாள். அப்புறம் நான் மொட்டை மாடியில் நின்றிருந்த பகுதி வந்தது. ஒரு மந்திரவாதி வருகிறான். பேயைச் சங்கிலியால் கட்டுகிறான். தூளியோடு சேர்த்து வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைக்கிறான். பிரசவமும் இல்லை, விடியலும் இல்லை.

அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

இருட்டில் கை தெரியாது. பேய்ப் படத்தில் வெளிச்சமான காட்சி வருவதே அபூர்வம். திரையில் பகல் வரும்வரை அவள் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். பகல் வந்தது. உடனே கை எழுந்தது.

"நீ சொன்னது வேறு!"

"நான் பார்க்கவில்லை. பயந்து மொட்டை மாடிக்கு ஓடிவிட்டேன்."

"அப்போ பிரசவம்?"

"நானே சொன்னது."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் முறைத்தாள். அதற்குள் திரை மறுபடி இருட்டிவிட்டது. கதாநாயகி கையில் விளக்கோடு வேப்பமரத்தை நோக்கி நடக்கிறாள். இசை நின்றுவிட்டது. தியேட்டரில் ஒருவர் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் சிரிப்பு பெரியது. தன் சிரிப்பை அவள் ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் அதை அடக்கிப் பழகவும் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி அந்த அமைதியில் விழுந்தது. முன்வரிசைப் பெண்கள் வீறிட்டார்கள். எங்கோ ஒரு குழந்தை அழுதது. அம்மா, சிரித்தது தன் மகள்தான் என்று தெரியாமலே கத்திவிட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு ஆள், "யாருமா அது? கம்முனு படம் பாருமா!" என்று அதட்டினார்.

நான் திரும்பி, "அவளுக்குக் காது கேக்காதுண்ணே" என்றேன். என் ஊர்ப் பேச்சிலேயே, சத்தமாக. திருத்தவில்லை.

 முன்வரிசையில் யாரோ ஒருத்தி சிரிக்கத் தொடங்கினாள். அது பக்கத்துக்குப் பரவி, திரையில் நிஜமாகவே பேய் வந்தபோது பாதித் தியேட்டர் சிரித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு படம் எங்களை வசமாகப் பிடித்துக்கொண்டது. நான் வழக்கம்போலக் கண்ணை மூடினேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். அவள் ஒரு கையை நாற்காலியின் பிடியில் விரித்து வைத்திருந்தாள். பயங்கரமான இடம் வருவதற்குச் சற்று முன்னால் ஸ்பீக்கர்கள் அடித்தொண்டையில் உறுமத் தொடங்கும். எங்கள் காதுக்கு அது எட்டுவதற்கு முன்பே சுவர் வழியாக, நாற்காலி வழியாக அவள் கைக்குப் போய்விடும். அவள் என் விரலை இறுக்குவாள். இறுக்கினால் வருகிறது. தளர்த்தினால் போய்விட்டது. எது எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடுகிறது. கண்ணைத் திறந்தேன். முழுதாக, விரல் இடுக்கு வழியாக இல்லாமல், பேயை நேருக்கு நேர் பார்த்தேன். பாவம், நிறைய மேக்கப் போட்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் அம்மாவும் இதைக் கண்டுபிடித்திருக்கிறார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, மகளின் இன்னொரு கையைப் பிடித்திருந்தார். மகளைத் தாண்டி என்னிடம் குனிந்து, "இதுக்கு முன்னாடியே தெரியுது கண்ணு!" என்று கிசுகிசுத்தார்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு பகல் காட்சி வந்தது. அவள் கையை இழுத்தாள். நான் விடவில்லை. அந்தப் பக்கம் அம்மாவும் விடவில்லை. அவள் இரண்டு பேரையும் ஒரு உதறு உதறிவிட்டு, கையை மேலே தூக்கி என்னிடம் சொன்னாள்:

"விடுங்கள், இரண்டு பேரும். நான் பேச வேண்டும்!"

அம்மா தலைப்பை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாவாம்?"

"நாம கையப் பிடிச்சுக்கிட்டா அவ எப்படிப் பேசுவா, அதக் கேக்கா."

அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக அதை மடியில் வைத்துக்கொண்டார். அடுத்து பேய் வந்தபோது மகளின் முழங்கையைத்தான் பிடித்தார், கையைப் பிடிக்கவில்லை.

படத்தின் முடிவை எழுதிப் பெரிய பலன் இல்லை. மந்திரவாதி செத்தான். பேயை மன்னித்தார்களா இல்லையா என்பதை அடுத்த பாகத்துக்கு வைத்துவிட்டார்கள். எழுந்து வரும்போது பின்வரிசை ஆள் வழிமறித்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நடுவுல நடுவுல கையில இன்னாமா பேசிகினு இருந்தாங்க?" என்று கேட்டார்.

அவளிடம் கேட்டுவிட்டு, "கதாநாயகனுக்கு நடிப்பு வரலையாம்" என்றேன்.

"கரெக்டுதான்" என்றார் அவர்.

வெளியே நல்ல வெயில். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. டீக்கடையில் நின்றோம். அவளுக்குப் படம் இன்னும் முடியவில்லை. டீ கிளாஸைக் கடை மேடையில் வைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். என்னைப் போல ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொல்வதில்லை அவள். மந்திரவாதியானாள். தோள் உயர்ந்தது, தாடை முன்னே வந்தது. அடுத்த நொடி கர்ப்பிணியானாள், இடுப்பில் கை வைத்து அசைந்து நடந்தாள். பேயாகி, தூளிக்குள்ளிருந்து விரல் விரலாக வெளியே வந்தாள். கதாநாயகன் ஓடியதை ஓடிக் காட்டினாள், அவன் நடிப்பு எங்கே பிசகியது என்பதையும் காட்டினாள். டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு மூன்று கம்பெனிப் பையன்கள் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

அம்மா கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் மகளின் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது இவ்ளோ பேசுமா?" என்று கேட்டார்.

"லைன்லயே இவதாம்மா ரொம்பப் பேச்சு. சூப்பர்வைசரு இவள ரெண்டு தடவ எடம் மாத்தி உக்கார வச்சுட்டாரு."

அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "வூட்ல கம்முனு உக்காந்துகினு கீது. வேலய பாக்குது, துண்ணுது, தூங்குது. அதுக்கு சொல்றதுக்கு ஒண்ணும் இல்லனு நெனச்சிகினு இருந்தேன் கண்ணு" என்றார். டீயை ஒரு மடக்கில் குடித்தார். கிளாஸை வைத்துவிட்டு மகளின் முன்னால் போய் நின்றார். இடது கையால் தூளியை ஆட்டினார். வலது கையைக் கொக்கி போல வளைத்தார். தியேட்டரில் நாங்கள் அடிக்கடி காட்டியதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் மேலே விரித்து, முகத்தால் கேட்டார். அவ நல்லவளா, கெட்டவளா?

அவள் அசையாமல் நின்றாள். அம்மா அவளிடம் சாப்பாடு, தூக்கம், மாடு இவற்றைத் தாண்டி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பின்னால் எனக்குச் சொன்னாள். பிறகு பதில் சொன்னாள். நீளமான பதில். அம்மா தலையாட்டினார். புரியாமல்தான் ஆட்டுகிறார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து நிறுத்தி, முதலிலிருந்து, குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்து, நீ சும்மா இரு என்றாள். சும்மா இருந்தேன். அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் போனோம்.

அதற்குப் பிறகு வீட்டில் பாடம் நடந்தது. பால் கறக்கும்போது, பாத்திரம் கழுவும்போது ஒவ்வொரு சொல்லாக. அம்மா நிறையத் தப்பு செய்வார். ஒருநாள் மாமா வருகிறார் என்று சொல்வதற்குப் பதிலாக மாமா குட்டி போட்டார் என்று சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அவள் அதை எனக்குச் சொல்ல, நான் ஊர்ப் பேச்சில் மற்றவர்களுக்குச் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. யாரும் என்னைப் போல இழுத்துப் பேசிக் காட்டவில்லை. ஒருவேளை காட்டியிருக்கலாம், நான்தான் அதைக் கவனிப்பதை விட்டிருந்தேன்.

சில மாதம் கழித்து, ஆடி மாதத்தில் கூழ் ஊற்றுகிறோம், வா என்று அம்மா கூப்பிட்டிருந்தார். நான் போனபோது வாசலில் யாரும் இல்லை. உள்ளே பார்த்தால் அம்மாவும் மகளும் எதிரெதிரே நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கைதான் பேசுகிறது. சத்தமே இல்லை, வளையல் சத்தத்தைத் தவிர. அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஒருமுறை அந்தப் பக்கமும் ஒருமுறை இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. புதிதாகச் சேரும் காது கேளாத பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். தங்குவது அங்கேயே, கம்பெனி ஹாஸ்டலில். அம்மா முடியாது என்கிறார். அவ்வளவு தூரம் எதற்கு? யார் பார்த்துக்கொள்வார்கள்? அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். தூரமா? ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பஸ் மாறினால் போதும். யார் பார்த்துக்கொள்வார்களா? நான் கற்றுக்கொடுக்கப் போகிறேன், நான்தான் மற்றவர்களைப் பார்த்துக்கொள்வேன். கூப்பிட்டால் திரும்ப மாட்டாயே என்றார் அம்மா. வீடியோவில் கூப்பிடு, உடனே திரும்புவேன் என்றாள் அவள்.

அம்மா ஒரு நொடி கையைத் தொங்கவிட்டு நின்றார்.   அப்போதுதான் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"வா கண்ணு, வா! நீயே கேளு இந்த அநியாயத்த. ஒண்ணு சொன்னா பத்து சொல்லுது. இன்னா வாயி பாரு இதுக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா முதலில் சிரித்தார். அவள் என் கையைப் பிடித்து இழுத்து, அம்மா என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டாள்.

நான் சொல்லவில்லை. அம்மாவைக் கைகாட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளின் முன்னால் வந்து நின்று, தன் கையாலேயே சொல்லத் தொடங்கினார்.